தொண்ணூற்றாறாயிரத்துக்கு ஊதா வெளிச்சம்

வெம்பக்கோட்டை அணையில் ஒரு மீன் துள்ளினால், ஆமத்தூரில் என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே அது கெண்டையா கெளுத்தியா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காது எனக்கு. தெருவில் யாரும் இதை நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதுதான் நல்லது. அணை எங்கோ கிடக்கிறது. நடுவில் முழுசாக ஒரு சிவகாசியே இருக்கிறது. உள்ளதைச் சொன்னால், குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதிலேயே இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. எதிர்வீட்டு நேசகுமார் மட்டும் என் காதை நம்பினார். நம்பினார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது அவருடைய கதை. அவர் மனைவி ரீனாவின் காதுகளுடைய கதையும்தான். அந்தக் காதுகளுக்கு நான் செய்ததை எழுதிவைக்காமல் இருப்பது சரியில்லை என்று தோன்றுகிறது.

நேசகுமார் பதினெட்டு வயதில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காகிதம் அடுக்கும் வேலைக்குப் போனவர். நாற்பத்தோரு வருஷம் கழித்து வெளியே வரும்போது நான்கு கலர் மெஷினுக்குத் தலைமை ஆள். பட்டாசுப் பெட்டி லேபிள், தினசரி காலண்டர், தீப்பெட்டி அட்டை என்று அவர் கை பட்ட காகிதம் இல்லாத வீடு தமிழ்நாட்டிலேயே இல்லை என்பேன். இது கொஞ்சம் கூடுதல். பாதி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் ஒரு படத்தை ஒன்றாகப் பார்க்கிறோம். அச்சடிப்பவருக்கு அது நான்கு படம். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு பிளேட். நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். அதற்கு ரெஜிஸ்டர் என்று பெயர். அது தப்பினால் காலண்டரில் இருக்கும் அம்மன் உதடு கன்னத்துக்கு வந்துவிடும். நேசகுமார் லென்ஸை வைத்துக் குனிந்து பார்ப்பார். அரை நூல் தள்ளியிருந்தாலும் மெஷினை நிறுத்திவிடுவார். தன் கல்யாண அழைப்பிதழைத் தானே அடித்தார். சிவப்பு தள்ளி விழுந்துவிட்டது என்று இருநூறு அழைப்பிதழைக் கிழித்தெறிந்தார். கல்யாணத்துக்குக் கூட்டம் குறைந்தது அதனால்தான் என்று நான் சொல்வேன். அன்றைக்குப் பெய்த மழையால் என்பாள் ரீனா.

ரீனா என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். பிறகு நர்ஸாகி, விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாள். நம் பக்கத்தில் தீக்காய வார்டு நர்ஸ் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. பட்டாசு சீசன் வந்துவிட்டால் அவளுக்கு ஞாயிறு கிடையாது, நல்ல நாள் கிடையாது. அவள் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தபோது நேசகுமார் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

மெஷின் சத்தத்திலேயே வாழ்ந்தவருக்கு வீட்டின் அமைதி பிடிக்கவில்லை. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் இசபெல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கிவைத்து, இணையத்திலிருந்து உயர்ந்த தரத்தில் பாட்டை இழுத்துப் போடும் ஆப் ஒன்றையும் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள். கூடவே கட்டைவிரல் பருமனில் ஒரு பெட்டி. கம்ப்யூட்டர் கொடுக்கும் எண்களைச் சத்தமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். பாவம் அந்தப் பிள்ளை, அப்பா பாட்டுக் கேட்பார் என்று நினைத்தாள்.

அவர் கேட்கவில்லை. படித்தார். ஒலியைக் கம்ப்யூட்டரில் எழுதுவது என்றால், ஒரு நொடிக்குள் அதைப் பல்லாயிரம் தடவை அளந்து எண்களாக எழுதிவைப்பது. சில பாட்டுகளை நொடிக்கு நாற்பத்துநாலாயிரத்து நூறு தடவை அளந்திருப்பார்கள். சிலவற்றைத் தொண்ணூற்றாறாயிரம் தடவை. சிலவற்றை அதற்கும் இரட்டிப்பாக. இதற்குச் சாம்பிள் ரேட் என்று பெயர். பாட்டு எந்த ரேட்டில் வருகிறதோ அதே ரேட்டில் கம்ப்யூட்டர் அதை வெளியே விட வேண்டும். ஆனால் அவருடைய கம்ப்யூட்டர் நாற்பத்தெட்டாயிரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. எது வந்தாலும் சுருக்கியோ இழுத்தோ நாற்பத்தெட்டாயிரமாக ஆக்கித்தான் பெட்டிக்குக் கொடுக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று நேசகுமார் மத்தியானம் சாப்பிடவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“பிளேட்டு ஒரு சைஸு, பேப்பர் ஒரு சைஸு, டீச்சர். இழுத்துப் பிடிச்சு அடிச்சிருக்கான். இம்புட்டு நாளும் அதைத்தான் பாட்டுன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்.”

அதிலிருந்து அவர் வீட்டில் ஒரு பாட்டு கேட்பது என்பது ஒரு மெஷின் ஓட்டுவது மாதிரி ஆகிவிட்டது. பாட்டு மாறும். அவர் எழுந்து போவார். கம்ப்யூட்டரில் சவுண்ட் செட்டிங்கைத் திறந்து, கீழே கீழே போய், அந்த எண்ணை மாற்றுவார். பெட்டியில் ஒரு பொட்டு வெளிச்சம் உண்டு. நாற்பத்துநாலாயிரத்து நூறு என்றால் பச்சை, நாற்பத்தெட்டாயிரம் நீலம், தொண்ணூற்றாறாயிரம் ஊதா. நிறம் சரியாக விழுந்தபின் பாட்டை முதலிலிருந்து போடுவார். அது முடிவதற்குள் அடுத்த பாட்டின் ரேட் என்ன என்று பார்க்கத் தொடங்கிவிடுவார். ஒரு முழுப் பாட்டுக்கு அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை.

வித்தியாசம் கேட்கிறதா என்று கேட்டால், மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்பார். ஆனால் தான் ஒருவனே சொன்னால் போதுமா என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அச்சகத்தில் முதல் தாளை எடுத்துப் பார்க்க எப்போதும் இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். அவரும் தலையாட்டிய பிறகுதான் லோடு ஓடும். வீட்டில் அந்த இரண்டாவது ஆள் ரீனா. ஸ்டெதாஸ்கோப் வைத்து முப்பது வருஷம் பழகிய காது, அதை விட்டால் வேறு எந்தக் காது என்று சொன்னார்.

அந்த வருஷம் ஈஸ்டர் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பாடும் ஆனபின் முதல் பரீட்சை. இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே ஒரு நாற்காலியில் ரீனா. அவளுக்குப் பின்னால், ஜன்னலோர மேஜையில் கம்ப்யூட்டர். சுவரோரமாக, ரீனாவையும் மேஜையையும் ஒருசேரப் பார்க்கிற இடத்தில் நான். தொண்ணூற்றாறாயிரத்தில் உள்ள ஒரு பாட்டை அப்படியே ஒரு தடவையும், நாற்பத்தெட்டாயிரமாக நசுக்கி ஒரு தடவையும் போடுவார். எது முதலில் என்பது அவருக்கு மட்டும் தெரியும். வெளிச்சத்தின் நிறம் யாருக்கும் தெரியக்கூடாது என்று பழைய காலண்டர் அட்டையை அளந்து நறுக்கி மடித்து, பெட்டிக்கு ஒரு மூடி செய்திருந்தார். நறுக்குவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு நூல் வெளிச்சம் வெளியே வரவில்லை.

ஆறு தடவையில் ரீனா இரண்டு சரியாகச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்று வந்திருக்கும். அவள் சிரித்தபடி எழுந்து, பாத்திரம் கிடக்கிறது என்று அடுப்படிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது தலைவலி என்றாள். நேசகுமார் தனியாக மேஜை முன்னால் உட்கார்ந்து, பச்சையை நீலமாக்குவதும் நீலத்தை ஊதாவாக்குவதுமாக இருந்தார். பாட்டு ஓடவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் ரீனா என் வீட்டுக்கு வந்தாள். வேலைக்குப் போகிற வெள்ளைச் சேலையோடு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

“டீச்சர், பிரஷர் பாக்கையில ஸ்டெத்துல டொக்கு டொக்குன்னு கேக்கணும்ல. நாலு மாசமா பஞ்சுக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கு. டிஜிட்டல் மெஷினை வச்சுத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.”

நான் காதைக் காட்டு என்றேன், ஏதோ எனக்கு டாக்டர் பட்டம் இருப்பது மாதிரி. ரீனா காரணங்களை வரிசையாக வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் வார்டிலிருந்து எடுத்து ரிக்கார்டு ரூமில் போடுவார்கள். இன்னும் கொஞ்ச காலம்தான், ஓட்டிவிடலாம். இசபெல்லுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள். எல்லாம் சொன்னபின் கடைசியாக ஒன்று சொன்னாள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமைக்காகவே ஆறு நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறார், அந்த நாற்காலியில் உட்காரத் தனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, தோற்கிறதுக்குத்தான் மனசில்லை.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். கொடுத்தேன். அதுவரைக்கும் பாவமில்லை. அதற்குமேல் நான் செய்தது என் புத்தி.

மூன்றாவது ஞாயிறு என் நாற்காலியில் உட்கார்ந்தபோது, பெட்டியை மூடியிருந்த அட்டையில் ஒரு பக்கம் கோணலாக இருப்பதைக் கண்டேன். இரண்டு விரற்கடை இடைவெளி. ரீனாவுக்கு அது முதுகுப்பக்கம். எனக்கு நேரே, சாமி சத்தியமாக நேரே, ஊதா வெளிச்சம் தெரிந்தது. அரை நூலுக்கு மெஷினை நிறுத்தியவருக்குக் கை தளர்ந்துவிட்டதே என்று ஒரு நொடி வருத்தப்பட்டேன். மறுநொடி, அடுத்த வாரத்துக்கான திட்டம் என் தலைக்குள் வந்துவிட்டது.

ரீனாவிடம் சொன்னேன். ஊதா என்றால் நான் சபை மாத இதழை எடுத்து விசிறிக்கொள்வேன். நீலம் என்றால் மடியில் வைத்துவிடுவேன். நீ கடைக்கண்ணால் பார்த்தால் போதும். அவள் முதலில் மாட்டேன் என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு ஆறுக்கு ஆறு. நேசகுமார் நாற்காலியைச் சுற்றிவந்து அவள் முன்னால் நின்றார். அவள் தலையில் கையை வைத்து இலேசாக ஆட்டினார், அவ்வளவுதான். பிறகு அன்று சாயங்காலம் முழுக்க அவளுக்காகப் பாட்டுப் போட்டார். அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து ரேட்டை மாற்றப் போவதையும், வந்து உட்கார்வதையும், கேட்கும்போது அவர் புருவம் ஏறி இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாட்டு அவளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அவர் முகத்தை ஒன்று விடாமல் கேட்டாள்.

இப்படி ஒன்றரை வருஷம் நடந்தது. சீசனில் அவளுக்கு டியூட்டி விழுந்த ஞாயிறுகள் தவிர மற்றதெல்லாம். விசிறுவது என் முழுநேர வேலையாகிவிட்டது. அவ்வப்போது வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகக் காட்டுவேன், சந்தேகம் வரக்கூடாதே என்று. நேசகுமார் கூட வேலை பார்த்த அழகுராஜா ஒருநாள் இந்த அதிசயத்தைப் பார்க்க வந்தார். அவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டையும் போட்டுக்காட்டி, எது நல்லாயிருக்கு என்றார் நேசகுமார்.

“ரெண்டும் ஒரே ஆளு பாடுன மாதிரித்தான்யா இருக்கு,” என்றார் அழகுராஜா. “ரெண்டாவது தடவை பாடையில அந்த ஆளுக்கு லேசா சளி பிடிச்சிருக்கு.”

தெரு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தோம். ரீனா காதுக்கு முன்னால் அழகுராஜா காது செவிடு என்று நானே நாலு வீட்டில் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்குள் ரீனா மாறிக்கொண்டிருந்தாள். இசபெல் வீடியோவில் பேசும்போது ‘ம்’ ‘ம்’ என்று தலையாட்டிவிட்டு, அப்பாகிட்டப் பேசு என்று போனைக் கொடுத்துவிடுவாள். தெருவில் நின்று பேசுபவர்களின் வாயையே பார்ப்பாள். காய்கறிக்காரரிடம் விலை கேட்டுவிட்டு, அவர் சொன்னதும் என்னைப் பார்ப்பாள். எனக்கு எல்லாம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் விளையாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் வருஷ தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு, விடிந்ததும் விடியாததுமாக ரீனா வந்தாள்.

“காலைல எந்திரிச்சா இடது காது அடச்சுக் கெடக்கு டீச்சர். சுத்தமா ஒண்ணும் இல்லை. உள்ளுக்குள்ள ராக்கெட் போற மாதிரி ஒரே விசிலு.”

மதுரைக்குப் போய் டாக்டரைப் பார் என்றேன். தீபாவளி முடியட்டும் என்றாள். வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்திருக்கிறார்கள், இந்த வாரம் யார் லீவு கேட்டாலும் மேட்ரன் முகத்தில் முழிக்க முடியாது என்றாள். அழுக்கு அடைத்திருக்கும், சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறேன் என்றாள். அவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க என்றாள்.

நான் முப்பத்துநாலு வருஷம் அறிவியல் டீச்சராக இருந்தவள். செவிப்பறை, சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, உள்ளே நத்தைச் சுருள் என்று படம் போட்டு, அம்பு போட்டு, பேர் எழுதிக் காட்டியவள். ஒரே ராத்திரியில் அடைபட்ட காது அழுக்காக இருக்காது என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. எங்கள் வீட்டு வாசலுக்கும் நேசகுமார் வீட்டு வாசலுக்கும் நடுவே இருபது எட்டு. அந்த இருபது எட்டை வைத்து, “தம்பி, ரீனாவுக்குக் காது கேக்கலை” என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒன்றரை வருஷம் விசிறிய கையை எங்கே வைத்துக்கொண்டு சொல்வது என்று தெரியவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது சத்தியத்தை அல்ல, என்னைத்தான்.

தீபாவளி முடிந்தது. பிறகு வார்டில் கூட்டம் குறையட்டும் என்றாள். பிறகு சபையில் அறுவடைப் பண்டிகை. பிறகு கிறிஸ்துமஸ் வேலைகள். ஏழு வாரம் போனது. அதில் அவள் வீட்டில் இருந்த ஞாயிறெல்லாம் ஆறுக்கு ஆறு எடுத்தாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு. அன்று காலையில் இசபெல் கம்ப்யூட்டரிலேயே வீடியோவில் பேசியிருந்தாள். பேசி முடித்தும் அதை யாரும் மூடவில்லை. பாட்டு ஆப் வேறு மாதிரி ஆள். பெட்டியை முழுசாகத் தன் கையில் கொடுத்தால்தான் பாடும். பெட்டியோ வீடியோவிடம் மாட்டிக்கொண்டிருந்தது. நேசகுமார் பாட்டைத் தட்டினார். திரையில் பாட்டோடு நகர்கிற கோடு ஓடியது, சத்தம் வரவில்லை. குனிந்து வயரைப் பார்த்தார். செட்டிங்கைத் திறந்து எதையோ தேடினார். வீட்டில் மின்விசிறிகூட ஓடவில்லை. அப்படி ஓர் அமைதி.

ரீனா தன் நாற்காலியில், ஸ்பீக்கரைப் பார்த்து, கையை மடியில் வைத்து, கேட்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

என் காலில் ஒரு கொசு கடித்தது. நான் மாத இதழை எடுத்து விசிறினேன்.

“இதுதான்,” என்றாள் ரீனா. “இதுதான் தொண்ணூத்தாறு. என்னா தெளிவு.”

நேசகுமார் மேஜையிலிருந்து நிமிர்ந்தார். அவள் பின்தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் இதழ் பாதி விசிறலில் நின்றது. கீழே போடவும் தெரியவில்லை, விசிறவும் தெரியவில்லை.

“ரீனா,” என்றார் அவர்.

அவள் திரும்பவில்லை.

“ரீனா,” என்றார், இன்னும் உரக்க. பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்; என் முகத்தில் எதைக் கண்டாளோ, அதற்குப் பிறகுதான் மெதுவாகத் திரும்பினாள்.

மறுநாளே மதுரைக்குப் போனோம். நானும் போனேன், என்னை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனசு வரவில்லை, நானாக நின்றுகொள்ளவும் முடியவில்லை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரிந்தது, ரீனா மெஷினை இயக்குகிற பெண்ணின் விரலைப் பார்த்து எப்போது அமுக்குவது என்று ஊகிக்கிறாள். அந்தப் பெண் எழுந்து அவளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தாள். அதன்பிறகு பட்டன் எப்போதாவதுதான் அமுங்கியது.

டாக்டர் அம்மாவுக்கு இசபெல் வயதுதான் இருக்கும். திட்டவில்லை. இடது காது திடீரென்று போனது; அடைத்த பத்து நாளைக்குள் வந்திருந்தால் மாத்திரை, ஊசி என்று முயன்று பார்த்திருக்கலாம், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது; இனி அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். வலது காதுக்கு மெஷின் வைக்கலாம். அதையும் குறையத் தொடங்கியபோதே வைத்திருந்தால் பேச்சைப் பிரித்தறிகிற பழக்கம் விட்டுப்போயிருக்காது என்றார். எல்லாவற்றையும் தாளில் எழுதி ரீனாவிடம் கொடுத்தார். ரீனா நர்ஸ் அல்லவா, படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். முப்பது வருஷம் மற்றவர்களுக்கு வாங்கி வைத்த தாள்.

வந்ததும் வந்தீர்கள் என்று நேசகுமாருக்கும் பரிசோதனை செய்தார்கள். நாற்பத்தோரு வருஷம் மெஷின் பக்கத்தில் நின்ற காது. மேல் சத்தம் முழுவதும் எப்போதோ போய்விட்டிருந்தது. கொசு காதோரம் பாடினால்கூட அவருக்குத் தெரியாதாம். நாற்பத்தெட்டாயிரத்துக்கும் தொண்ணூற்றாறாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் காதுக்குக் கேட்குமா என்று அவர் கேட்டார். எந்தக் காதுக்குமே அது சந்தேகம்தான் என்றார் டாக்டர் அம்மா.

ஆக அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். ஒருத்திக்குக் கேட்கவில்லை, ஒருவருக்குக் கேட்டதாக நினைப்பு, நான் கேட்கவே இல்லை, வெளிச்சம் பார்த்தேன். எண்கள் மட்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தன.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. ரீனா ஓய்வு பெற்றுவிட்டாள். சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கியாயிற்று. வலது காதில் மெஷின் இருக்கிறது. பேச்சில் பாதி புரிகிறது, பாதியை எங்கள் வாயிலிருந்து எடுத்துக்கொள்கிறாள். இசபெல் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் எழுதி அனுப்புகிறாள்.

ஞாயிறு மத்தியானம் நேசகுமார் இப்போது கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. போனிலிருந்து பாட்டை நேரே அவள் காது மெஷினுக்கு அனுப்பலாம். அதற்கு ரேட் வெறும் பதினாறாயிரம். முந்தி நாற்பத்தெட்டைச் சகிக்காத மனுஷன், தொண்ணூற்றாறாயிரத்தைப் பதினாறாயிரமாகச் சுருக்கி அனுப்பிவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் கேட்காது, பாட்டு அவள் காதுக்குள் மட்டும்தான். ஒரு முழுப் பாட்டுக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார். எப்படி இருக்கு என்று உதட்டை அசைத்துக் கேட்பார். தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கு என்பாள் அவள். இன்னொன்று போடவா என்பார். போடுங்க என்பாள்.

இதை எழுதி முடித்துப் போன வாரம் அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர்களைக் கேட்காமல் ஊருக்குக் காட்டுவது முறையல்ல. நான் ஒவ்வொரு தாளாக நேசகுமாருக்கு வாசித்துவிட்டு ரீனாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். கல்யாண அழைப்பிதழ் வந்த இடத்தில் ஓரத்தில் பேனாவால் “மழைதான்” என்று எழுதினாள். கொசு வந்த இடத்தில் தாளைக் கீழே வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மறுபடி எடுத்தாள். நான் விசிறியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்த இரண்டு வரியை அடித்துவிட்டாள். அதனால்தான் அவை இங்கே இல்லை.

நேசகுமார் கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து ஜன்னலோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினார். அப்படி நின்றால் ரீனாவுக்கு அவர் வாய் தெரியாது.

“ஒரு இடம் தப்பா எழுதிட்டீக, டீச்சர். கை தளந்துபோச்சுன்னு எழுதியிருக்கீகல்ல, அதை மாத்துங்க. மொத ஞாயிறு அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போனப்பவே அவளுக்குக் காது குறைஞ்சிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இம்புட்டுப் போகும்னு தெரியாது. ஆனா தெரியும். அடுத்த ஞாயிறு அந்த நாற்காலி சும்மா கெடந்துச்சு. மறுநாளு பிளேடை எடுத்து, நீங்க எங்கன உக்காருவீகன்னு பாத்து, உங்க பக்கமா ரெண்டு விரக்கடை நறுக்கிவிட்டேன். நாப்பத்தோரு வருசம் அட்டையில நின்னவன், டீச்சர். நான் கோணலா நறுக்குவேனா? அதையும் எழுதுங்க. அவ படிக்கட்டும்.”